குன்னூரில் நரம்புப் பரிசோதனை: சதைத் துடிப்போடு சென்ற ஒருவரின் மதிப்புரை

கோத்தகிரிக்கு அருகில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன், வயது 41. சென்ற ஆண்டு ஆடி மாதம் இடது கெண்டைக்காலில் தொடங்கிய சதைத் துடிப்பு ஓயாமல் நீடித்து, தொடை, புறங்கை, கண்ணிமை என்று இடம் மாறிக்கொண்டே இருந்தது. ஐந்து மாதம் பொறுத்துவிட்டு, மார்கழித் தொடக்கத்தில், குன்னூரில் வாரத்துக்கு இரண்டு நாள் நோயாளிகளைப் பார்க்கும் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் சென்று, அவருடைய சிகிச்சையகத்திலேயே நரம்புக் கடத்தல் பரிசோதனையும் சதைக்குள் ஊசி செலுத்தி அதன் மின்னியக்கத்தைப் பார்க்கும் ஈஎம்ஜி பரிசோதனையும் செய்துகொண்டேன். அந்தச் சேவையைப் பற்றியதே இந்த மதிப்புரை. சிறிய ஊர், எல்லோரும் எல்லோரையும் அறிந்தவர்கள் என்பதால் சிகிச்சையகத்தின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் தவிர்க்கிறேன். ஆனால் இத்தகைய பரிசோதனைக்குப் போகிறவர் எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதை நான் பட்டறிந்த அளவில் சொல்ல முடியும்.

குன்னூருக்கு முன்னால் நான் சென்றது சமவெளியில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனைக்கு. மலையில் இருப்பவர்கள் நரம்பு, இதயம் என்றாலே மேட்டுப்பாளையம் வழியாகக் கீழே இறங்குவதுதான் வழக்கம். அங்கே என்னைப் பார்த்த நேரம் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. கால்சட்டையை முழங்கால்வரை மடக்கச் சொல்லிக்கூட யாரும் கெண்டைக்காலைப் பார்க்கவில்லை. மூளைக்கும் கழுத்துக்கும் எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தார்கள். சீட்டின் மேல்பகுதியில் ஒரு கேள்விக்குறியும் அதை ஒட்டி எம்என்டி என்ற மூன்று எழுத்துகளும் இருந்தன. அது என்னவென்று செவிலியரிடம் கேட்டேன். டாக்டரிடமே கேளுங்கள் என்றார். டாக்டர் அடுத்த நோயாளிக்குப் போய்விட்டார். பேருந்து குஞ்சப்பனையைத் தாண்டி மலை ஏறிக்கொண்டிருந்தபோது, கைப்பேசியில் சமிக்ஞை வந்து வந்து போகும் அந்த வளைவுகளில், அந்த மூன்று எழுத்துக்கு விரிவு இயக்க நரம்பணு நோய் என்றும், சதைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்து உடல் படிப்படியாகப் பலமிழக்கும் நோய் அது என்றும் படித்தேன்.

எம்ஆர்ஐயில் கழுத்து எலும்பு வயதுக்கு ஏற்றபடி சற்றுத் தேய்ந்திருப்பதைத் தவிர எதுவும் இல்லை. ஆனால் இந்த நோய் எம்ஆர்ஐயில் தெரிவதில்லை, வேறு காரணங்களை விலக்கவே அந்தப் படம் எடுக்கப்படுகிறது என்பதையும் அதற்குள் படித்துவிட்டிருந்தேன். ஆகவே அந்தப் படம் எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963-இல், 21 வயதில் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டு, அவர் 2018 வரை வாழ்ந்தார் என்று மைத்துனர் ஆறுதல் சொன்னார். பெரும்பாலானவர்களுக்கு அறிகுறி தொடங்கிய இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது என்று படித்திருந்தவனுக்கு அது எப்படி ஆறுதலாகும்? அம்மாவோ ஆண்களுக்கு வலக்கண் துடித்தால் நல்லது என்றார். எனக்குத் துடித்தது இடக்கண். அக்கம்பக்கத்தினர் எல்லோருக்கும் தெரிந்த ஒரே சொல் நரம்புத் தளர்ச்சி. அந்த ஒரு சொல்லைச் சுவரொட்டிகளில் போட்டுப் பல்லாண்டுகளாகப் பிழைப்பு நடத்துகிறவர்கள் இருப்பதால், நரம்பைப் பற்றி ஒழுங்காகப் பேச நம்மிடம் சொற்களே இல்லாமல் போய்விட்டன என்று நான் நினைக்கிறேன்.

இரவு எல்லோரும் உறங்கிய பின் குளியலறையில் குதிகாலில் நடந்து பார்ப்பேன். நாக்கு குழறுகிறதா என்று அறிய, பிள்ளைகள் சொல்லி விளையாடும் ‘யாரு தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை’ என்பதைத் தாழ்ந்த குரலில் பத்து முறை சொல்வேன். கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்ப்பேன். நாக்கின் ஓரங்கள் புழு நெளிவதுபோல் நடுங்கும். அதைப் பார்த்தபின் விடியும்வரை உறக்கம் வராது. ஒரு நாள் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்ட மனைவி, “என்னங்க, இப்படியே போனா நோயில்லாமலே படுத்துடுவீங்க, குன்னூர்ல ஒரு டாக்டரம்மா வர்றாங்களாம், போய்ப் பார்ப்போம்” என்றார்.

தொலைபேசியில் முன்பதிவு செய்தேன்; நான்கு நாளில் நேரம் கிடைத்தது. கோத்தகிரியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் என்பதால் காலைப் பேருந்தில் போய்ச் சேர்ந்துவிட்டோம். பத்தரை மணிக்கு அழைத்திருந்தார்கள். உள்ளே போனது பதினொன்றே முக்கால். காத்திருக்கும் கூடத்தில் ஒரே ஒரு சூடேற்றி, அதுவும் வரவேற்பு மேசைக்கு அருகில். முதியவர்கள் பலர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தனர். வரவேற்பில் இருந்த பெண் ஒவ்வொருவரிடமும் என்ன தொந்தரவு என்று கூடம் முழுவதும் கேட்கும்படி விசாரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. வலிப்பு என்று வாய்விட்டுச் சொல்ல நேர்ந்த ஓர் இளம்பெண்ணின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. சிகிச்சையகத்தார் இதை உடனே மாற்ற வேண்டும். ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னால் போதும்.

மருத்துவரின் அறைக்குள் நடந்ததுதான் இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியது. முதல் கால்மணி நேரம் கேள்விகள் மட்டுமே. அவர் கேட்ட முதல் கேள்வி, தோட்டத்தில் மருந்து அடிக்கிறீர்களா என்பது. கேரட், உருளைக்கிழங்கு, தேயிலை என்று பூச்சிமருந்தோடு புழங்கும் மலை இது. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் உடலுக்குள் போனால், நரம்பு சதைக்கு இடும் கட்டளை அடங்காமல் தொடர்ந்து, சதை துடிக்கும். ஆனால் அதோடு கண்மணி சுருங்குவதும் எச்சில் ஊறுவதும் வியர்ப்பதும் சேர்ந்து வரும் என்றார். பிறகு இருமல் மருந்து, ஆஸ்துமாவுக்கு இழுக்கும் மருந்து ஏதேனும் எடுக்கிறேனா, தைராய்டு உண்டா, உடல் எடை குறைந்திருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது கைகால் சூம்பியதுண்டா என்று வரிசையாகக் கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்டபோது நான் தயங்கினேன். தொழிற்சாலையில் அரைத்துக் காய்ந்து வரும் தூளைத் தொகுதிதோறும் போட்டுப் பார்க்கும் பழக்கத்தில் ஒன்பது பத்து கிளாஸ் ஆகிவிடும். இலை வரத்து மிகுந்த நாள்களில் இரவுக் கணக்கு வேறு, உறக்கம் நான்கு மணி நேரம். அவர் அதையெல்லாம் ஒரு தாளில் தேதிவாரியாகக் குறித்துக்கொண்டார். துடிப்பு தொடங்கிய ஆடி மாதமும் தொழிற்சாலையில் இரவுப்பணி தொடங்கிய மாதமும் ஒன்றே என்பதை அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் நானே உணர்ந்தேன்.

எந்தெந்த இடத்தில் எத்தனை முறை துடிக்கிறது என்று ஒரு நோட்டில் நான் எழுதி வைத்திருந்ததை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கி மரியாதையோடு ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார்: “எத்தனை முறை துடிக்குதுங்கறது எனக்குத் தேவையில்லை. நடக்கும்போது செருப்பு காலைவிட்டுக் கழன்று போகுதா, சட்டைப் பொத்தான் போட முடியுதா, பூட்டுல சாவியைத் திருப்ப முடியுதா, அதைச் சொல்லுங்க.” எல்லாம் முடிகிறது என்றேன். எனக்கு இருப்பதாக நான் பயந்த நோயில், கட்டளையிடும் நரம்பணுக்களே அழிவதனால் பலம் குறைவதுதான் பெரும்பாலும் முதலில் கண்ணில் படும். நோயாளி டாக்டரிடம் வருவது பெரும்பாலும் துடிப்புக்காக அன்று, கை வழங்கவில்லை, கால் தடுக்குகிறது, பேச்சு குழறுகிறது என்பதற்காகவே என்று விளக்கினார்.

பிறகு உள்ளாடை தவிர மற்றவற்றைக் களையச் சொல்லி, நல்ல வெளிச்சத்தில் உடல் முழுவதையும் பார்த்தார். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் புடைத்திருக்கும் சதை இரண்டு கையிலும் ஒரே அளவில் இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தார். விரல்களை விரித்து வைக்கச் சொல்லித் தன் பலத்தைக் கொண்டு சேர்க்க முயன்றார். குதிகாலில் நடக்க, நுனிக்காலில் நடக்க, ஒற்றைக்காலில் குதிக்க, குந்தி உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழச் சொன்னார். முழங்கால், கணுக்கால், முழங்கை, தாடை என்று சுத்தியலால் தட்டினார். உள்ளங்காலில் கீறிப் பெருவிரல் எந்தப் பக்கம் போகிறது என்று கவனித்தார். இந்த நோயில் மூளையிலிருந்து இறங்கும் நரம்பணுக்களும் தண்டுவடத்திலிருந்து புறப்படும் நரம்பணுக்களும் ஆகிய இரண்டு வகையும் பாதிக்கப்படுவதால், சதை சூம்புவதும் இந்தத் தட்டலுக்குக் கைகால் அளவுக்கு மீறித் துள்ளுவதும் சேர்ந்தே தெரியக்கூடும் என்று ஒவ்வொன்றையும் செய்யும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். அவர் தேடுவது என்னவென்று எனக்கும் தெரிந்ததால், அது இல்லை என்பதை நானும் அவரோடு சேர்ந்து பார்த்தேன். வெறும் வாய்வார்த்தையாக ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தால் வீடு திரும்பும் முன்பே எனக்கு மறுபடி சந்தேகம் வந்திருக்கும்.

நாக்கைப் பற்றிச் சொன்னேன். வாயைத் திறந்து, நாக்கை நீட்டாமல் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் அப்படியே தளர்த்தி வைக்கச் சொல்லி, டார்ச் அடித்துச் சற்று நேரம் பார்த்தார். அது அசையாமல் கிடந்தது. பிறகு தன் நாக்கை நீட்டிக் காட்டினார். அதன் ஓரங்களும் என் நாக்கைப் போலவே நடுங்கின. நீட்டிய நாக்கு யாருக்கும் நடுங்கும், ஓய்வில் இருக்கும் நாக்கைத்தான் பார்க்க வேண்டும் என்றார். மூன்று மாத இரவுகளைத் தின்ற ஒரு பயம் அந்த அறையில் அரை நிமிடத்தில் தீர்ந்தது. எனக்குக் கண் கலங்கியதை அவர் பார்க்காததுபோல் எழுதிக்கொண்டிருந்தார்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம், ஈஎம்ஜி தேவையில்லை என்றே அவர் கருதினார். ஐந்து மாதம் அஞ்சிய மனத்துக்கு ஒரு சான்று வேண்டும் என்று நான் கேட்டதனால்தான், ஒரே ஒரு முறை செய்யலாம் என்று ஒப்புக்கொண்டார்.

நரம்புக் கடத்தல் பரிசோதனையைத் தொழில்நுட்பர் ஒருவர் செய்தார். தோலில் மின்முனைகளை ஒட்டி, நரம்பு செல்லும் வழியில் சிறு மின்னதிர்ச்சி கொடுத்து, அந்தச் செய்தி எவ்வளவு வேகத்தில் போய்ச் சேர்கிறது என்று அளக்கிறார்கள். கையில் விநாடிக்கு 50 மீட்டருக்கு மேல் வர வேண்டும் என்றார் அவர். எனக்கு முதலில் வந்த எண் அதற்குக் கீழே. என் நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஆனால் அவர் திரையைப் பார்த்துப் பதறாமல், என் மணிக்கட்டில் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தார்: 26 டிகிரி. கையை 32 டிகிரிக்கு மேல் கொண்டுவராமல் அளக்கக் கூடாது, தோல் ஒரு டிகிரி குளிர்ந்தால் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் குறையும் என்று சொல்லி, வெந்நீர்ப் பை ஒன்றைத் துண்டில் சுற்றி இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்து, கம்பளியால் போர்த்தி, இருபது நிமிடம் காத்திருக்கச் சொன்னார். மறுபடி அளந்தபோது எல்லா எண்களும் சரியாக வந்தன. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊரில், மார்கழிக் காலையில், பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த ஒருவரின் கையை அப்படியே அளந்தால் இல்லாத நோய் அறிக்கையில் ஏறிவிடும். அந்த இருபது நிமிடத்தைச் சுருக்காத அந்த ஊழியரை நான் மனமாரப் பாராட்டுகிறேன். நீலகிரியில் எங்கே இந்தப் பரிசோதனைக்குப் போனாலும், கையைச் சூடேற்றினார்களா என்று பாருங்கள்; இல்லையென்றால் கேளுங்கள்.

ஊசிப் பரிசோதனையை மருத்துவரே செய்தார். மெல்லிய ஊசியைச் சதைக்குள் செலுத்தி, அதன் மின்னோசையை ஒலிபெருக்கியில் கேட்கிறார்கள். வலி உண்டு, மறைப்பதற்கில்லை. தடுப்பூசியைவிடச் சற்று அதிகம், உள்ளே ஊசியை நகர்த்தும்போது ஒரு கடுப்பு, கெண்டைக்காலில் மறுநாள்வரை இருந்தது. கெண்டைக்கால், முழங்காலுக்குக் கீழே முன்பக்கச் சதை, தொடை, கை, புஜம், முதுகுத்தண்டின் ஓரம் என்று பல இடங்களில் குத்தினார். நோய் ஒரே இடத்தில் நில்லாமல் உடலின் பல பகுதிகளுக்குப் பரவுவது என்பதால் ஓரிடத்தில் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது என்றார். ஓய்வில் இருக்கும் நல்ல சதை ஓசையே எழுப்பாது. நரம்பை இழந்த சதையோ தகரக் கூரையில் விடாமல் மழை தூறுவதுபோல் கேட்கும் என்று அவர் சொன்னதும் நான் மூச்சை அடக்கிக் காது கொடுத்தேன். தகரக் கூரையின் கீழேயே பிறந்து வளர்ந்தவன் நான். அந்த ஓசை எனக்குத் தப்பாது. இடம் மாறி இடம் மாறி ஊசி போய்க்கொண்டே இருந்தது, ஒவ்வோரிடத்திலும் மௌனம். கெண்டைக்காலில் மட்டும் நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒரு பெரிய துளி விழுந்ததுபோல் ஒரு ‘டப்’. சற்றுக் கழித்து மற்றொன்று. அதுதான் உங்கள் துடிப்பு என்றார். ஒரு நரம்பணுவும் அதன் கிளைகள் ஆளும் சதை இழைகளும் ஒரு குடும்பம். கெண்டைக்காலில் ஒரு குடும்பத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட இழைகள் உண்டு. கட்டளை வராமலே அந்தக் குடும்பம் ஒருமுறை துள்ளுவதைத்தான் தோலின் மேல் நாம் பார்க்கிறோம். சுற்றிலும் மௌனமாக இருந்து இது மட்டும் கேட்டால் அது தீங்கற்றது என்றார்.

உடை மாற்றிக்கொண்டு வந்ததும் மனைவியையும் உள்ளே அழைத்து உட்கார வைத்துப் பேசினார். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், இப்படித் தீங்கற்ற துடிப்பு என்று சொல்லி அனுப்பப்பட்ட 121 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1993-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவருக்குக்கூட இயக்க நரம்பணு நோய் வரவில்லை என்று எடுத்துச் சொன்னார். இந்த நோயைப் பற்றி அதிகம் அறிந்த மருத்துவர்களே தங்கள் கால் துடிப்பதைப் பார்த்து நடுங்கிப்போவதுண்டு என்றார். டீயை மூன்றாகக் குறைக்கவும், இரவுப்பணியை மாற்றிக் கேட்கவும், தைராய்டும் கால்சியமும் மக்னீசியமும் ஒருமுறை பார்த்துக்கொள்ளவும் எழுதிக் கொடுத்தார். மாத்திரை எதுவும் எழுதவில்லை. மூன்று மாதம் கழித்து ஈஎம்ஜியை மறுபடி செய்துகொள்ளலாமா என்று கேட்டேன். வேண்டாம், பலம் குறைந்தால் மட்டும் வாருங்கள், துடிப்புக்காக வராதீர்கள் என்றார். பணம் கொடுக்கத் தயாராக இருக்கும் ஒருவரிடம் அப்படிச் சொல்லும் இடத்தை நான் நம்புகிறேன்.

ஆலோசனைக் கட்டணம் 700 ரூபாய். இரண்டு பரிசோதனைகளும் சேர்ந்து 4,200 ரூபாய். சமவெளியில் எம்ஆர்ஐக்கு நான் கொடுத்ததில் பாதிகூட இல்லை. ரசீது கேட்காமலே கிடைத்தது.

பெரிய குறை ஒன்று உண்டு, அதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. அறிக்கை ஐந்து நாள் கழித்துத்தான் கிடைத்தது. அதை வாங்க மனைவியின் தம்பி போனார். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். மருத்துவர் என்னிடம் வாயால் சொன்ன எதுவும் அதில் இல்லை. இடது கெண்டைக்காலில் ஃபேசிகுலேஷன் பொட்டென்ஷியல் காணப்பட்டது என்ற ஒரு வரி மட்டும் என் கண்ணில் பட்டது. கடைசியில் ‘நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும்’ என்ற வழக்கமான வாசகம். அன்று இரவு மீண்டும் குளியலறையில் குதிகாலில் நடந்தேன். மறுநாள் காலை தொலைபேசி செய்தேன். மாலை ஏழு மணிக்கு மருத்துவரே திரும்ப அழைத்து, நீங்கள் காதால் கேட்ட அந்த ‘டப்’பைத்தான் அப்படி எழுதியிருக்கிறேன், வேறொன்றும் இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். திரும்ப அழைத்தது பெருந்தன்மை. ஆனால் ஒரு வரி, ‘இது தீங்கற்ற துடிப்பு, நோயின் அறிகுறி எதுவும் காணப்படவில்லை’ என்று தமிழில் அடியில் எழுதியிருந்தால் அந்த இரவு எனக்கு மிஞ்சியிருக்கும். பயத்தோடு வருபவர்களுக்கே செய்யப்படும் பரிசோதனையில் இதை ஒரு சலுகையாக நான் கேட்கவில்லை. சேவையின் பகுதியாகவே கேட்கிறேன். இதைத் தொலைபேசியிலேயே சொன்னேன்; இனிமேல் எழுதுவதாக ஒப்புக்கொண்டார்.

துடிப்பு மட்டும் இருந்து, கைகால் பலமாக இருப்பவர்கள் இந்த இடத்துக்குப் போகலாம். ஆனால் மருத்துவர் கேள்வி கேட்டுக் கையால் செய்யும் உடல் பரிசோதனைக்காகப் போங்கள், ஊசிக்காகப் போக வேண்டாம். எனக்கு மருந்தாக இருந்தது அந்த நாற்பது நிமிடம்தான். ஊசி அதற்கு முத்திரை வைத்தது, அவ்வளவே. கை நழுவுவது, பாதம் தொங்கித் தடுக்குவது, பேச்சு குழறுவது, விழுங்கும்போது புரையேறுவது, ஒரு பக்கச் சதை கண்ணுக்குத் தெரியும்படி இளைப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த மதிப்புரையைப் படித்து ஆறுதல் அடையாமல் உடனே நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. டீ மூன்று, சில நாள் நான்கு. இரவுப்பணியை இளையவர் ஒருவர் எடுத்துக்கொண்டார். கண்ணிமைத் துடிப்பு நின்றுவிட்டது. கெண்டைக்கால் வாரத்துக்கு ஓரிரு நாள் துடிக்கிறது, துடிக்கும்போது அதைப் பார்க்காமல் வேலையைத் தொடர முடிகிறது. நோட்டை இலைக்கணக்கு எழுதுவதற்குத் திருப்பிவிட்டேன். அம்மாவுக்குச் சில வாரங்களாக வலது கை விரல்கள் இரவில் மரத்துப்போகின்றன. அடுத்த வியாழக்கிழமைக்கு அதே மருத்துவரிடம் முன்பதிவு செய்திருக்கிறேன், வீட்டிலிருந்தே ஒரு வெந்நீர்ப் பையை எடுத்துப் போகிறோம்.